தொடாதே, தொடாதீங்க, தொட வேண்டாம்: ஒரு 'கூடாது'வுக்குள் இத்தனை இலக்கணமா?

காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை ஒரு வீட்டில் எத்தனை 'ஆதே' விழுகிறது என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள். 'போனை எடுக்காதே', 'ஈரக் கையோட சுவிட்சைத் தொடாதே', 'தம்பிகூட சண்டை போடாதே', 'டிவி சத்தத்தைக் கூட்டாதே'... பள்ளிக்கூட வேன் வருவதற்குள் இருபதைத் தாண்டிவிடும்.

இவ்வளவு சொல்கிறோமே, இந்தச் சொல் எப்படி உருவாகிறது என்று யோசித்திருக்கிறோமா? தமிழ் நம் தாய்மொழி, அதனால் யோசிக்காமலே வந்துவிடுகிறது. மொபைலில் புதிதாக ஒரு மொழி கற்கும்போதுதான் இந்தக் கேள்வி வருகிறது. டூயோலிங்கோ போன்ற செயலிகளில் ஸ்பானிஷ் படிப்பவர்கள், 'செய்' என்று சொல்லக் கற்றுக்கொண்ட வேகத்தில் 'செய்யாதே' என்று சொல்ல வந்து தடுமாறுவார்கள். அங்கே ஒரு எழுத்து தலைகீழாக மாறும். அந்தத் தடுமாற்றத்தை வைத்துக்கொண்டு நம் மொழியைத் திரும்பிப் பார்த்தால், நமக்கே தெரியாமல் நாம் பின்பற்றிவரும் அழகான ஒரு விதி கிடைக்கிறது.

தமிழின் ஒற்றை வரி விதி

ஆங்கிலத்தில் வேலை சுலபம். எந்த வினைச்சொல்லுக்கு முன்னாலும் 'டோன்ட்' போட்டால் முடிந்தது. தமிழில் 'வேண்டாம்' என்ற மறுப்பு வினைச்சொல்லுக்கு உள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. இலக்கணத்தில் இதற்கு எதிர்மறை ஏவல் என்று பெயர்.

'ஓடு' என்பது 'ஓடாதே' ஆகிறது. 'எழுது' என்பது 'எழுதாதே' ஆகிறது. சரி, அப்படியானால் 'படி' ஏன் 'படியாதே' ஆகாமல் 'படிக்காதே' ஆகிறது? 'வா' எப்படி 'வராதே' ஆனது? 'நில்' எப்படி 'நிற்காதே' ஆனது? பார்க்க ஒழுங்கே இல்லாதது மாதிரி இருக்கிறது, இல்லையா?

ஒழுங்கு இருக்கிறது. ஏவல் சொல்லில் இருந்து தொடங்காமல், 'செய்ய' என்ற வடிவத்தில் இருந்து தொடங்கிப் பாருங்கள். கடைசி 'அ'வை எடுத்துவிட்டு 'ஆதே' சேர்க்க வேண்டும். அவ்வளவுதான்.

• செய்ய - செய்யாதே
• ஓட - ஓடாதே
• படிக்க - படிக்காதே
• வர - வராதே
• தர - தராதே
• நிற்க - நிற்காதே
• கேட்க - கேட்காதே
• போக - போகாதே

'வா', 'தா', 'நில்', 'கேள்' என்று ஏவலில் ஆளுக்கொரு பக்கம் ஓடுகிற சொற்கள்கூட, 'கூடாது' என்று சொல்ல வரும்போது ஒரே வரிசையில் வந்து நிற்கின்றன. வெளிமாநிலத்திலிருந்து வந்து தமிழ் கற்கும் நண்பர் உங்களுக்கு இருந்தால் இந்த விதியைச் சொல்லிக் கொடுங்கள். மனப்பாடம் செய்யவேண்டிய பட்டியல் பாதியாகக் குறையும்.

ஸ்பானிஷில் உயிரெழுத்து இடம் மாறும்

ஸ்பானிஷ் வினைச்சொற்கள் மூன்று குடும்பங்கள். 'ஆர்' என்று முடிபவை, 'எர்' என்று முடிபவை, 'இர்' என்று முடிபவை. பேசுவதற்கு 'ஆப்லார்', சாப்பிடுவதற்கு 'கொமெர்', எழுதுவதற்கு 'எஸ்க்ரிபிர்'.

நெருங்கியவரிடம் 'பேசு' என்று சொல்ல 'ஆப்லா'. 'சாப்பிடு' என்று சொல்ல 'கோமே'. 'எழுது' என்று சொல்ல 'எஸ்க்ரீபே'. இதற்கு முன்னால் ஒரு 'நோ' போட்டுவிட்டால் போதும் என்றுதான் புதிதாகக் கற்பவர் நினைப்பார். அது தவறாகிவிடும்.

அங்கேயும் ஏவல் சொல்லில் இருந்து தொடங்கக் கூடாது. 'நான் பேசுகிறேன்' என்ற வடிவத்தில் இருந்து தொடங்க வேண்டும். அது 'ஆப்லோ'. கடைசி 'ஓ'வை எடுத்துவிட்டு, எதிர்க்குடும்பத்தின் உயிரெழுத்தைச் சேர்க்க வேண்டும். 'ஆர்' குடும்பத்துக்கு 'எ' வரும், மற்ற இரண்டுக்கும் 'ஆ' வரும்.

• ஆப்லோ - நோ ஆப்லெஸ் (பேசாதே)
• கோமோ - நோ கோமாஸ் (சாப்பிடாதே)
• எஸ்க்ரீபோ - நோ எஸ்க்ரீபாஸ் (எழுதாதே)
• தோகோ - நோ தோகெஸ் (தொடாதே)

கடைசியைக் கவனித்தீர்களா? 'தொடாதே'வுக்கு 'தோகெஸ்'. இரண்டு மொழிக்கும் உறவு எதுவும் இல்லை, ஒலிப்பொருத்தம் தற்செயல்தான். ஆனால் மனத்தில் நிற்க உதவும்.

இரண்டு மொழியிலும் கிடைக்கும் பாடம் ஒன்றே. 'செய்யாதே' என்பது 'செய்' என்பதோடு ஒரு மறுப்பை ஒட்டவைத்து வருவதில்லை. அதற்குத் தனி வாசல் இருக்கிறது. ஒருவரை ஒரு வேலை செய்யச் சொல்வதும், செய்யாமல் தடுப்பதும் ஒரே குரலில் நடப்பதில்லை என்பதை இரண்டு மொழிகளும் தெரிந்தே வைத்திருக்கின்றன.

யாரிடம் சொல்கிறோம்?

இன்னொரு ஒற்றுமை, மரியாதை. நமக்கு 'நீ', 'நீங்கள்' இருப்பதுபோல ஸ்பானிஷில் 'தூ', 'உஸ்தெத்' உண்டு. நண்பனிடம் 'நோ ஆப்லெஸ்', பெரியவரிடம் 'நோ ஆப்லே'. தமிழில் 'பேசாதே', 'பேசாதீர்கள்'. பேச்சில் 'பேசாத', 'பேசாதீங்க'.

இதோடு தமிழ்க் குடும்பம் நிற்பதில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. ஜாங்கிரித் தட்டைப் பார்த்துக் கை நீளுகிறது. 'சாப்பிடாதீங்க' என்று மகன் சொன்னால் மரியாதை இருக்கிறது, ஆனால் அதட்டலும் இருக்கிறது. 'வேண்டாம்ப்பா' என்று மகள் சொன்னால் அதே தடை, ஆனால் தோளில் கை வைத்துச் சொன்ன மாதிரி. பேத்தி 'தாத்தா, தொட்டுடாத' என்றால் தட்டு தானாகவே நகர்ந்துவிடும்.

அந்த 'தொட்டுடாத'வில் ஒரு நுட்பம் இருக்கிறது. 'விழாதே' என்று யாரும் குழந்தையிடம் சொல்வதில்லை. 'பார்த்து, விழுந்துடாதே' என்றுதான் சொல்வோம். வேண்டுமென்று யாரும் விழமாட்டார்கள், தெரியாமல் நடந்துவிடக் கூடாது என்ற கவலையை அந்த 'விடு' என்ற துணைவினை சுமக்கிறது. 'மறக்காதே' என்பது கட்டளை, 'மறந்துடாதே' என்பது கவலை. அதே வடிவத்தைத்தான் கும்பிடும்போதும் எடுக்கிறோம். 'முருகா, கைவிட்டுடாதே' என்று ஒருமையில் சாமியிடமே உரிமையாகச் சொல்லும் மொழி இது.

'வேண்டாம்' என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. 'நாளைக்கு நீங்க ஆபீஸுக்கு வர வேண்டாம்' என்று மேலாளர் சொல்கிறார். லீவா, வேலையே போச்சா? 'வரத் தேவையில்லை' என்றும் பொருள், 'வரக் கூடாது' என்றும் பொருள். குரலைக் கேட்டால் புரியும். வாட்ஸ்அப்பில் எழுத்தாக வந்தால் இரவுத் தூக்கம் போய்விடும்.

யார் வருவார்கள் என்றே தெரியாதபோது...

வீட்டில் எதிரில் இருப்பவர் யார் என்று தெரியும். அதற்கேற்ற வடிவத்தை நாக்கு எடுத்துக்கொள்கிறது. ஒரு பலகையில் எழுதவேண்டி வந்தால்? படிப்பவர் ஐந்து வயதுக் குழந்தையாகவும் இருக்கலாம், எண்பது வயதுப் பாட்டியாகவும் இருக்கலாம். அவரிடம் 'தொடாதே' என்பதா, 'தொடாதீர்கள்' என்பதா?

இது சும்மா இலக்கண விளையாட்டு இல்லை. சீயமங்கலம் மாதிரியான ஓர் ஊரில் இதற்கு விலை உண்டு.

செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் இப்போது அதிகம் பேசுவது யுனெஸ்கோ அங்கீகாரத்தைப் பற்றி. 2025 ஜூலையில் 'இந்தியாவின் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்' என்ற பெயரில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த 12 கோட்டைகளில், மகாராஷ்டிராவுக்கு வெளியே இருக்கும் ஒரே கோட்டை செஞ்சி. அந்தக் கோட்டையைப் பார்த்துவிட்டு வடக்கே வந்தவாசிப் பக்கம் போனால், தேசூருக்கு அருகில் இருக்கிறது சீயமங்கலம்.

ஊர் சிறியது, பாறை பெரியது. அந்தப் பாறையைக் குடைந்து, 7-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் ஒரு சிவன் கோயிலை உருவாக்கினான். அதன் பெயர் அவனிபாஜன பல்லவேஸ்வரம். 'லளிதாங்குரன்' என்ற பட்டப்பெயரோடு மன்னன் பெயரும் கோயிலின் பெயரும் அங்கே கிரந்த எழுத்தில், வடமொழிக் கல்வெட்டாக இருக்கின்றன. தூணின் மேல்பகுதியில் ஒரு சிறிய சிற்பம், சிவன் ஆடும் கோலம். தமிழ்நாட்டில் கல்லில் கிடைத்திருக்கும் ஆடல்வல்லான் வடிவங்களில் மிகப் பழையவற்றுள் இதுவும் ஒன்று. ஊரின் இன்னொரு பாறையில் பாகுபலி, பார்சுவநாதர் முதலான சமணச் சிற்பங்களும் உண்டு.

1,400 ஆண்டு மழையையும் வெயிலையும் தாங்கிய கல், ஒரு சாவியையோ ஆணியையோ தாங்காது. நாடு முழுக்கப் பழைய மண்டபங்களிலும் குகைகளிலும் இதயமும் அம்புமாக ஜோடிப் பெயர்களைப் பார்க்கிறோம். செதுக்கியவர் மறந்திருப்பார், அந்த ஜோடியே இப்போது பேசிக்கொள்ளாமல்கூட இருக்கலாம். கல் மட்டும் அந்தக் கீறலோடு நிற்கிறது. அதை அழிக்க வழியில்லை.

சட்டம் கடுமையாகத்தான் இருக்கிறது. 1958-ம் ஆண்டின் தொல்லியல் சின்னங்கள் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைத்தால் 2 ஆண்டுவரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். முன்பு 3 மாதம், 5,000 ரூபாய் என்று இருந்ததை 2010-ல் திருத்தி உயர்த்தினார்கள். ஆனால் சட்டப்பிரிவு எண்ணைப் படித்துவிட்டு யாரும் கையை எடுப்பதில்லை. கையை எடுக்கவைப்பது பலகையில் இருக்கும் வினைச்சொல். அதனால்தான் அந்தச் சொல் முக்கியம்.

கல்வெட்டுக்காரர்கள் கண்ட வழி

இதே கேள்வி பழைய கல்வெட்டு எழுதியவர்களுக்கும் வந்திருக்கிறது. கோயிலுக்கு ஒருவர் நிலம் கொடுக்கிறார். விளக்கெரிக்க ஆடு கொடுக்கிறார். அதைக் கல்லில் வெட்டி, கடைசியில் 'இந்தத் தர்மத்தை யாரும் கெடுக்கக் கூடாது' என்று எழுத வேண்டும். படிக்கப்போவது யார்? நாளைக்கு வரும் அதிகாரியா, நூறு வருடம் கழித்து வரும் அரசனா? அரசனிடம் 'மறக்காதே' என்று ஒருமையில் சொல்ல முடியுமா?

தமிழ்நாட்டுக் கல்வெட்டுகள் பலவற்றின் முடிவில் வரும் சொல், 'அறமறவற்க'. அறத்தை மறக்க வேண்டாம் என்று பொருள். 'மற' என்ற வினையோடு 'அற்க' சேர்ந்து 'மறவற்க' ஆகிறது. இலக்கணத்தில் இது எதிர்மறை வியங்கோள். திருக்குறள் படித்தவர்களுக்கு இந்த 'அற்க' நன்றாகவே பழக்கமாகி இருக்கும். ஆத்திசூடி வேறு வழியில் போகிறது. அங்கே 'ஏல்' என்று முடியும் கட்டளைகள் வரும். அது குழந்தையை எதிரில் உட்காரவைத்துச் சொல்லும் நூல். எதிரில் இருப்பவர் யார் என்று அதற்குத் தெரியும்.

வியங்கோளின் சிறப்பு, அது யாரையும் சுட்டுவதில்லை. நான், நீ, அவன், அவள், அது என்று எல்லோருக்கும் பொது. மரியாதையும் குறையவில்லை, அதட்டலும் இல்லை, சொல்லவேண்டியதும் குறையவில்லை. கல்லில் எழுத இதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை.

ஸ்பானிஷ் பேசும் ஊர்களிலும் இதே தந்திரம்தான். அருங்காட்சியகப் பலகையில் பெரும்பாலும் 'நோ தொகார்' என்றுதான் இருக்கும். 'தூ'வுக்கான 'நோ தோகெஸ்' இல்லை, 'உஸ்தெத்'துக்கான 'நோ தோகே'யும் இல்லை. 'தொட' என்ற மூல வடிவத்தை அப்படியே எடுத்து முன்னால் 'நோ' போட்டுவிடுகிறார்கள். யாரிடம் சொல்கிறோம் என்ற கேள்வியே எழாது.

இன்றைய தமிழில் 'அற்க' பேச்சில் இல்லை. அந்த வேலையை இப்போது இரண்டு சொற்கள் செய்கின்றன: 'தொட வேண்டாம்', 'தொடக் கூடாது'. இரண்டுமே 'தொட' என்ற வடிவத்தின் மேல் நிற்பவை, இரண்டிலும் 'நீ'யும் இல்லை, 'நீங்கள்' என்பதும் இல்லை. கல்வெட்டின் 'அற்க'வுக்கு நம் காலத்து வாரிசுகள் இவை.

'நிறைய பேர் எழுதுகிறார்கள்' என்று எழுதாதீர்கள்

வினைச்சொல் சரியாக அமைந்தால் மட்டும் போதாது. அதோடு என்ன சேர்க்கிறோம் என்பதும் விளைவை மாற்றும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கல்லாகிப்போன மரங்கள் இருக்கும் ஒரு தேசியப் பூங்கா உண்டு. வருகிறவர்கள் ஆளுக்கொரு துண்டை எடுத்துப் போய்விடுவதுதான் அங்கே பிரச்னை. உளவியல் பேராசிரியர் ராபர்ட் சியால்டினியும் அவருடன் இருந்தவர்களும் அங்கே பலகைகளை மாற்றி மாற்றி வைத்துச் சோதித்தார்கள். அடையாளமிட்ட துண்டுகளைப் பாதையில் போட்டு எத்தனை காணாமல் போகின்றன என்று எண்ணினார்கள். முடிவு 2006-ல் வெளியானது.

'இதற்கு முன் வந்த பலர் எடுத்துப் போனதால் காடு சிதைந்துவிட்டது' என்ற பொருளில் எழுதிய பலகை இருந்தபோது காணாமல் போனவை கிட்டத்தட்ட 8 சதவீதம். 'தயவுசெய்து எடுக்க வேண்டாம்' என்று நேராகச் சொன்ன பலகை இருந்தபோது 2 சதவீதத்துக்கும் குறைவு.

'எல்லாரும்தான் செய்றாங்க' என்பது தடையாக ஒலிக்காமல் அனுமதியாக ஒலித்துவிடுகிறது. வீட்டுக்கும் இது பொருந்தும். 'உன் வயசுப் பசங்க எல்லாம் போனும் கையுமாத்தான் இருக்காங்க, நீயும் அப்படி இருக்காதே' என்றால், பிள்ளையின் காதில் விழுவது முதல் பாதிதான்.

எந்த இடத்தில் எது?

அபார்ட்மென்ட் நோட்டீஸ், கோயில் திருவிழா பேனர், பள்ளி வாட்ஸ்அப் குரூப்... எங்கே எழுதினாலும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆபத்து இருக்கும் இடம்: கிணறு, மின்கம்பம், தண்டவாளம். இங்கே நயம் பார்க்க நேரமில்லை. 'இறங்கக் கூடாது', 'தொடாதீர்கள்' என்று எழுதுங்கள். 'வேண்டாம்' என்றால் 'தேவையில்லை' என்று யாராவது எடுத்துக்கொள்ளலாம்.

பொது இடம், ஆபத்து இல்லை: 'பூக்களைப் பறிக்க வேண்டாம்', 'சுவரில் எழுத வேண்டாம்'. கூடவே காரணம் ஒன்று சொன்னால் இன்னும் நல்லது. 'இந்தக் கல்லுக்கு வயது 1,400. இதில் எழுத வேண்டாம்' என்று படித்தவர் ஒரு நொடியாவது நிமிர்ந்து கல்லைப் பார்ப்பார்.

தெரிந்த பெரியவர்: 'சாப்பிடாதீங்க' என்பதைவிட 'வேண்டாமே', 'விட்டுடலாமே'.

குழந்தை: தவறு நடக்கும் முன்னால் 'விழுந்துடாதே', 'கொட்டிடாதே'. கட்டளையில் ஒரு கவலை இருப்பது குழந்தைக்கும் தெரியும்.

எழுத்துப்பிழை இரண்டு அடிக்கடி கண்ணில் படுகிறது. 'செய்யாதிர்கள்' தவறு, 'தீ' நெடில்: செய்யாதீர்கள். 'செய்ய கூடாது' என்பதில் ஒரு 'க்' வேண்டும்: செய்யக் கூடாது. 'செய்ய வேண்டாம்' என்பதில் நடுவில் ஒற்று வராது.

இந்த வார வீட்டுப்பாடம்

பிள்ளைகளோடு சேர்ந்து முயன்று பாருங்கள். விடை கீழே.

1. 'சொல்', 'கொடு', 'தூங்கு': இவற்றை 'செய்ய' வடிவத்துக்கு மாற்றி, பிறகு 'ஆதே' சேர்க்கவும்.
2. ஸ்பானிஷில் குடிக்க 'பெபெர்'. 'நான் குடிக்கிறேன்' என்பது 'பேபோ'. 'குடிக்காதே' என்று நண்பரிடம் எப்படிச் சொல்வது?
3. உங்கள் தெருமுனையில் 'இங்கே குப்பை கொட்டாதே. மீறினால் நடவடிக்கை' என்று எழுதியும் குப்பை விழுகிறது. யாரையும் சுட்டாமல், ஒரு காரணத்தோடு அதைத் திருத்தி எழுதவும்.

விடைகள்: 1. சொல்ல - சொல்லாதே, கொடுக்க - கொடுக்காதே, தூங்க - தூங்காதே. 2. நோ பேபாஸ். 3. இதற்கு ஒரே விடை கிடையாது. 'குழந்தைகள் பள்ளிக்கு நடக்கும் வழி இது. இங்கே குப்பை கொட்ட வேண்டாம்' என்பது ஒரு வழி. உங்கள் தெருவுக்கு எது பொருந்தும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். எழுதி மாட்டிப் பாருங்கள், ஒரு வாரம் கழித்து அந்த முனையை எட்டிப் பாருங்கள்.